மாதிரிப் படிவத்தில் குடியிருந்த சிப்பாய்

தொண்ணூற்றெட்டில் நான் பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில், மோட்டாருக்குள் வைக்கிற தாமிரக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றும் தொழிற்சாலை ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வராமலேயே வந்ததாகச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை. பத்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பெற்ற தாய் ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்றாலும் ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினேன். பயப்படுவதை மட்டும் இலவசமாகச் செய்துவந்தேன்.

தொழிற்சாலையில் எனக்கிருந்த ஒரே சிநேகிதர் கேட்டில் செக்யூரிட்டி ஆபீசராக இருந்தவர். பட்டாளத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். எல்லாரும் சுபேதார் என்றே அழைப்போம். காலை டீ அவருடைய கேபினில்தான். ஒரு நாள் கேட்டோரம் ஒரு தெருநாய் வந்து நின்றது. பிஸ்கட்டைக் காட்டி “டாமி, டாமி” என்று கூப்பிட்டேன். சுபேதார் டீ கிளாஸை டொக்கென்று வைத்தார்.

“சார், அது நாய் பேரில்ல. வெள்ளக்கார சோல்ஜர் பேரு.”

நான் கோலார் தங்கவயலில், அதாவது கே.ஜி.எஃப்.பில், பிறந்தவன். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் மட்டும் நாலு டாமிகள் இருந்தன, நாலுக்கும் வால் இருந்தது. அந்தப் பெயர் நாய்க்கென்றே செய்யப்பட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ஒரு சந்தேகம் கிளம்பியது. சுரங்கத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் நடமாடிய காலத்தில், எங்கள் ஆட்கள் வேண்டுமென்றே நாய்க்கு அந்தப் பெயரை வைத்து அவர்கள் காதுபடக் கூப்பிட்டிருப்பார்களோ? எங்கள் வீட்டு நாய்க்கும் அப்பா அதே பெயரைத்தான் வைத்திருந்தார். அப்படி நினைத்து வைத்திருந்தால் அவர் மீது மரியாதை கூடும். ஆனால் அவர் போஸ்ட்மேனைப் பார்த்தாலே எழுந்து நிற்கிற ஆள்.

“அது எப்படி வந்த பேரு?” என்றேன்.

“லண்டன்ல ராணுவ ஆபீஸ்காரன் ஃபாரம் அடிச்சான். சிப்பாய்ல பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்க இன்னா எழுதணும்னு காட்டணுமில்ல? ஒரு மாதிரி ஃபாரத்தப் பூர்த்தி பண்ணி வெச்சான். பேருன்ற எடத்துல தாமஸ் அட்கின்ஸ்னு சும்மா ஒரு பேரப் போட்டான். அவ்ளோதான், எல்லா சிப்பாயும் தாமஸ் அட்கின்ஸ் ஆயிட்டான். தாமஸ் தேய்ஞ்சி டாமி.”

“அப்ப அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லியா?”

“கையெழுத்து போடத் தெரியாதவன் எல்லாம் அந்தப் பேருக்குப் பக்கத்துல பெருக்கல் குறி போட்டான்னும் சொல்லுவாங்க. பொறக்காத ஆளுக்கு எத்தினி கை பாருங்க.”

இதோடு விட்டிருந்தால் நம்பியிருப்பேன். அவர் இன்னொரு கதையும் சொன்னார். பெரிய தளபதி ஒருவர், மாதிரிப் படிவத்துக்குப் பெயர் வேண்டும் என்று கேட்டபோது, பல வருடம் முன்பு போர்க்களத்தில் தன் காலடியில் ‘எல்லாம் சரிதான் ஐயா’ என்று சொல்லிச் செத்த ஒரு சிப்பாயை நினைத்து அந்தப் பெயரைக் கொடுத்தாராம். டைம் ஆபீஸ் விதி ஒன்று உண்டு. லேட்டாக வந்ததற்கு ஒரு காரணம் சொல்கிறவனை நம்பலாம், இரண்டு சொல்கிறவன் தூங்கிவிட்டு வந்திருக்கிறான். அடுத்த ஞாயிறு கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போய், முதுகு கிழிந்த அகராதி ஒன்றை நின்றபடியே புரட்டினேன். மாதிரிப் படிவம் உண்மைதான். தளபதி விஷயம் நிச்சயமில்லை என்றும், பெயர் அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்திருக்கலாம் என்றும் போட்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. எவனோ ஒரு கிளார்க் வாயில் வந்த பெயரை எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். பின்னால் வந்தவர்கள் அதற்கு ஒரு வீரமரணத்தைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கிளார்க்கின் மனசு கிளார்க்குக்குத்தானே தெரியும்.

அடுத்த மாதமே நானும் அந்தக் கிளார்க் ஆனேன்.

பம்பாய்த் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு படிவம் வந்தது. காயில் சுற்றும் பிரிவில் மூன்று வருடமாகக் கேஷுவலாக இருந்த நாற்பது பேரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், ஆளுக்கொரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். முழுக்க ஆங்கிலம். எங்கள் ஆட்களில் தமிழ் படிப்பவர்கள் உண்டு, கன்னடம் படிப்பவர்கள் உண்டு, தெலுங்கும் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலம் என்பது சட்டைப் பொத்தானில் எழுதியிருப்பது மட்டும்தான். ஒரு மாதிரியை நிரப்பி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் பார்த்து எழுதிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

மாதிரிக்கு யார் பெயரைப் போடுவது? இருக்கிற தொழிலாளி பெயரைப் போட்டால் ‘அவனுக்கு மட்டும் முதல்ல ஆயிடிச்சி’ என்று சண்டை வரும். கற்பனைப் பெயர் போடலாம். தமிழ்ப் பெயரா, கன்னடப் பெயரா? காவிரிக் கலவரம் நடந்த தொண்ணூற்றொன்று டிசம்பரைப் பெங்களூரில் கடந்தவன் நான். கடையின் தமிழ்ப் பெயர்ப் பலகையைத் துணி போட்டு மூடியவர்களைப் பார்த்தவன். நோட்டீஸ் போர்டில் எந்த மொழிக்காரன் பெயர் தொங்கினாலும் இன்னொரு மொழிக்காரன் இரண்டு முறை படிப்பான் என்பது என் உறுதியான சந்தேகம். இரு தரப்புக்கும் சொந்தமில்லாத ஒருவன் வேண்டும். தாமஸ் அட்கின்ஸ் என்று எழுதினேன். எழுதும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டது நினைவிருக்கிறது. அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது முழங்கையில் ஒரு கறுப்பு மச்சம் என்று ஆங்கிலத்தில் போட்டேன். பொறக்காத ஆளுக்கு மச்சம் எங்கே இருந்தால் என்ன?

ஒட்டியாயிற்று. மேலே ‘மாதிரி’ என்று எழுத வேண்டும் என்பது தோன்றவில்லை. மேனேஜர் அந்தப் பக்கம் போகும்போது நின்று படித்துவிட்டு, “யார்ரீ இந்த அட்கின்ஸ்? கே.ஜி.எஃப். ஆளா? எந்த ஷிஃப்ட்?” என்று கேட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காயில் பிரிவில் எப்படி வேலை நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மேஜைக்கு மேலேயும் ஒரு மாதிரிக் காயில் தொங்கும். அதைப் பார்த்து அப்படியே சுற்ற வேண்டும். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் திருப்பம், முனை எவ்வளவு நீளம், எதிலும் சொந்த யோசனை கூடாது. ‘தொங்குறது எப்படியோ கையில அப்படியே’ என்பதுதான் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். மாதிரியிலிருந்து மாறினால் காயில் குப்பைக்குப் போகும், ஆளும் பின்னாலேயே போகலாம். அப்படிப் பழகிய நாற்பது பேர் முன்னால்தான் நான் ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் நின்று நின்று எழுதினார்கள். எழுத்துகள் அச்சு மாதிரி இருந்தன. இரண்டு பேர் தங்கள் பெயரையே தாமஸ் அட்கின்ஸ் என்று போட்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டு, ‘நான் இல்லையென்றால் இந்த ஆபீஸ் என்னாகும்’ என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். பெயர்க் கட்டத்தை மட்டும்தான் பார்த்தேன். கட்டு பம்பாய்க்குப் போயிற்று.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். மைசூர்ப் பக்கத்துக்காரர், நல்ல தமிழ் பேசுவார். ஆனால் கோபம் வந்தால் கன்னடத்தில்தான் ஆரம்பிப்பார்.

“பன்னி, குத்கொள்ளி.” வாங்க, உட்காருங்க என்று அர்த்தம். உட்கார்ந்தேன். “நம்ம காயிலுக்குப் பூசற வார்னிஷ்ல ஏதாச்சும் கெட்ட கெமிக்கல் இதெயா?”

“தெரியல சார். ஏன் சார்?”

“நாப்பது பேர்ல முப்பத்தொந்து பேருக்கு எடது முழங்கைல கறுப்பு மச்சமாம். பம்பாய்ல கேக்கறாங்க. ஒண்ணு இது வியாதி, இல்லாட்டி மோசடி. வெள்ளிக்கிழமை ஒரு டாக்டரும் ஒரு ஆபீசரும் வராங்க. வியாதின்னா அந்த டிபார்ட்மென்ட்ட மூடிடுவாங்க. பொய்யின்னா, பொய் எழுதின அத்தனை பேரும் மனெகே. வீட்டுக்கு. பர்மனென்ட்டும் இல்ல, கேஷுவலும் இல்ல.”

‘சார், அது நான் எழுதின மச்சம்’ என்று சொல்ல ஐந்து வார்த்தை போதும். நான் சொன்னது, “விசாரிக்கிறேன் சார்.”

வெளியே வந்ததும் உலகமே மாறியிருந்தது. டைப்பிஸ்ட் என்னைப் பார்த்ததும் டைப் அடிப்பதை நிறுத்தினாள், காகிதம் தீர்ந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. டீ கொண்டுவந்தவர் என் கிளாஸில் முக்கால்தான் ஊற்றினார். வேலையிலிருந்து எடுக்கப் போகிறவனுக்குத்தான் முக்கால் டீ என்று முடிவு செய்தேன். தொலைபேசி அடித்தால் பம்பாய், அடிக்காவிட்டால் பம்பாயும் மேனேஜரும் தனியாகப் பேசுகிறார்கள். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அது யார் என்று நாள் முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். போட்டுக்கொடுக்க வேண்டிய விஷயத்தை நானே கையெழுத்தில் எழுதி, பசை தடவி, சுவரில் ஒட்டியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வரச் சாயங்காலம் ஆயிற்று.

மாதிரி இன்னும் போர்டில்தான் இருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து உரித்தேன். பையில் வைக்கப் பயம், கிழித்தால் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிவிடுவார்கள் என்று அதைவிடப் பயம். டிபன் கேரியரின் கீழ் அடுக்கில் மடித்து வைத்தேன். மீதி தயிர்சாதம் கொஞ்சம் இருந்தது.

எங்கள் கேட்டில் தாமிரக் கம்பி வெளியே போகாமலிருக்க டிபன் டப்பாவைத் திறந்து பார்க்கிற வழக்கம் உண்டு. தொழிலாளிகளுக்கு மட்டும்தான், ஆபீஸ் ஆட்களுக்குக் கிடையாது. பத்து வருடம் அந்த வரிசையைத் தாண்டிக் கைவீசிப் போயிருக்கிறேன்.

“சார், டப்பா,” என்றார் சுபேதார்.

“எனக்கா?”

“இந்த வாரத்திலருந்து ஸ்டாஃபுக்கும்தான். ஆர்டர் டைப் பண்ணி வந்துருக்கு.”

திறந்தார். இரண்டு விரலால் காகிதத்தைத் தூக்கி, ஒட்டியிருந்த கடுகை உதறிவிட்டுப் படித்தார். “அட, அட்கின்ஸ் சார்! எப்பிடி இருக்கீங்க? இவுரு எதுக்கு உங்க வூட்டுக்கு வராரு?”

கேட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் உளறினேன். அவர் சிரிக்கவில்லை.

“லண்டன்காரன்கூட மேல மாதிரின்னு எழுதியிருப்பான் சார்.”

“குடுங்க, கிழிச்சிடறேன்.”

“கேட்ல புடிச்சது கேட்லதான் இருக்கும்.” காகிதத்தைத் தன் ரிஜிஸ்டருக்குள் வைத்து மூடினார்.

அதோடு சிநேகிதரும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தார். மறுநாள் அவர் எனக்குப் போட்ட வணக்கம் கொஞ்சம் நீளமாக இருந்த மாதிரி பட்டது.

வியாழக்கிழமைக்குள் எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பயந்தவனுக்கு வரும் யோசனையை அவனிடமே வைத்துக்கொள்ள விடக் கூடாது. முப்பத்தொரு பேருக்கு மச்சம் இல்லை என்பதுதானே சிக்கல்? இருந்துவிட்டால்? பெட்டிகளில் முகவரி எழுதுகிற கறுப்பு மையும் ஒரு குச்சியும் எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போனேன். முதலில் என் முழங்கையிலேயே சோதனை. கடுகளவு வைத்தேன், அது சுண்டைக்காயளவு பரவியது. தண்ணீரில் போகவில்லை, சோப்பில் போகவில்லை. நம்பிக்கை பிறந்தது.

காயில் பிரிவில் வேகமாகச் சுற்றுகிற ஒரு பெண் இருந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கம், முப்பத்தைந்து வயதிருக்கும், சந்தாபுராவிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு அவள் மேஜைக்குப் போனேன்.

“ஏம்மா, ஃபாரத்துல அடையாளம்னு இன்னா எழுதின?”

“போர்டுல இருந்ததுதான் சார்.”

“அது இன்னான்னு தெரியுமா?”

“தெரியாது. இன்னா எழுதியிருந்தீங்க?”

“முழங்கையில மச்சம்னு.”

சிரித்தாள். கைகள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன. பிறகு கைகளும் நின்றன. “எனக்கு அங்க மச்சம் இல்லியே. அப்ப நான் பொய் எழுதிக் குடுத்துட்டனா?”

நான் சட்டைக்கையை இன்னும் கீழே இழுத்துவிட்டேன்.

“யாரு பொய் சார் அது?”

பக்கத்து மேஜைக்காரி என் சட்டைக்கையில் ஊறிய கறுப்பைப் பார்த்துவிட்டாள். “இன்னா சார், கைல மை?” எனக்கு முகத்தில் பொய் நிற்காது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள்.

“அக்கா, நமக்கெல்லாம் மச்சம் வரைய வந்துருக்காரு!”

“அப்பிடியே கன்னத்துலயும் ஒண்ணு வைங்க சார், என் வூட்டுக்காரரு சந்தோசப்படுவாரு.”

மேஜை மேஜையாகச் சிரிப்பு போயிற்று. அந்தப் பெண் மட்டும் சிரிப்பை முதலில் முடித்தாள். “ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரிஜிஸ்டர்ல பேர அடிக்கறீங்க, மறுபடி புதுசா எடுக்கறீங்க. மூணு வருசமா நான் புது ஆளு. நாளைக்கும் அடிச்சிடாதீங்க சார்.”

மைக்குப்பியை ஸ்டோரில் திருப்பி வைத்தேன். என் முழங்கையில் வைத்ததை மட்டும் திருப்பி வைக்க வழியில்லை.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் மேஜைகளை ஒதுக்கி வரிசை நிறுத்தினார்கள். நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ரிஜிஸ்டரோடு ஓரமாக நின்றேன். டாக்டர் டார்ச் அடித்து ஒவ்வொரு முழங்கையாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்த ஆள், ஒன்றும் இல்லை. பதினைந்தாவது ஆளில் ஆபீசர் பேனாவை மூடினார். வியாதி இல்லை என்றானதும் அவர் முகம் மோசடிப் பக்கம் திரும்பியது. முப்பத்தொரு பேர் ஒரே பொய்யைச் சொன்னால் பின்னால் யாரோ ஒருவர் இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் என் பின்னால் பார்த்தேன். சுவர் இருந்தது.

டாக்டர் மட்டும் முறைப்படி முடிக்கிற ஆள். வார்னிஷ் பக்கமே போகாத ஒருவரின் கையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார். மேனேஜர் சுற்றிப் பார்த்தார். அங்கே நின்றவர்களில் வார்னிஷ் பக்கம் போகாதவன் நான் ஒருவன்தான்.

“கையத் தூக்குங்கரீ.”

“வேண்டாம் சார், எனக்குக் கூச்சம்.”

“தூக்குங்கரீ!”

அந்தத் தொழிற்சாலை முழுக்க இடது முழங்கையில் கறுப்பு மச்சம் உள்ள ஒரே மனிதன் வெளிச்சத்துக்கு வந்தான். டாக்டருக்கு ஒரு வினாடி சந்தோஷம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தார். தண்ணீருக்கும் சோப்புக்கும் மசியாதது ஸ்பிரிட்டுக்கு வழிந்து பஞ்செல்லாம் கறுப்பானது. வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

அப்போது கேன்டீன் வாசலில் சுபேதார் வந்து நின்றார், கக்கத்தில் ரிஜிஸ்டர். போச்சு, காட்டிக்கொடுக்க வந்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். மாதிரி நான் எழுதியது, மச்சம் நான் வைத்தது, மேலே மாதிரி என்று போடாதது நான், இவர்களில் ஒருவருக்கும் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது, காட்டியதைக் காட்டியபடி செய்வதுதான் இவர்கள் வேலை என்று தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து ஒரே மூச்சில் கொட்டினேன். மூச்சு வாங்கிக்கொண்டு சுபேதாரைப் பார்த்தேன். அவர் ஆபீசரிடம் ரிஜிஸ்டரை நீட்டி, விசிட்டர் கையெழுத்து விட்டுப்போயிற்று என்றார். அதற்குத்தான் வந்திருக்கிறார்.

ஆபீசர் என்னையே பார்த்தார். “மாதிரி எங்கே?”

சுபேதார் ரிஜிஸ்டரைப் புரட்டித் தயிர்க்கறையோடு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஆபீசர் படித்துவிட்டு, தாமஸ் அட்கின்ஸ் யார் என்றார். “ஆள் இல்லை சார்,” என்றார் சுபேதார், விறைப்பாக நின்று. “ஃபாரத்துக்கு உள்ளேயே இருக்கிறவர்.”

முடிவு அரை மணியில் வந்தது. திங்கள் காலைக்குள் முப்பத்தொரு புதிய படிவங்கள், ஒவ்வொன்றையும் நானே கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பட்டியல் ரத்து. எனக்கு ஒரு மெமோ.

சனியும் ஞாயிறும் டைம் ஆபீஸில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். வார்னிஷ் அடுப்பு சுட்ட மணிக்கட்டு, கட்டிங் மெஷினில் நுனி போன சுண்டுவிரல், சின்ன வயதில் ஆடு முட்டிய கணுக்கால். பத்து வருடமாக இவர்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதியவன் நான். ஒரு தழும்பு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கிருஷ்ணகிரிக்காரி கடைசியில் வந்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். கம்பி ஓடி ஓடி இரண்டிலும் கோடு விழுந்திருந்தது.

“இத எழுதலாமா சார்? லீவு போட்டா மறைஞ்சிடும், வந்தா வந்துடும்.”

“மறையற அடையாளம் வேணாம்மா. பம்பாய்க்காரன் மறுபடி டாக்டர அனுப்புவான்.”

“அப்ப நெத்தியில இருக்குது, கெணத்து மேட்டுல வுழுந்தது.”

எழுதினேன். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினேன். “இன்னொரு தடவ படிங்க,” என்றாள். படித்தேன். பேனாவை நீட்டினேன். அவள் வாங்கவில்லை, காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“தப்பா நெனைக்காதீங்க சார். சுபேதார்கிட்ட ஒருக்கா படிக்கச் சொல்லிட்டு வந்துடறேன்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலையிலிருந்து என்னிடம் வந்துபோனவர்களில் பலர் கையெழுத்துப் போடாத படிவங்களோடு கேட் கேபினில் வரிசையாக நின்றிருந்தார்கள். சுபேதார் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் தலையை ஆட்டிவிட்டு அவர் பேனாவிலேயே கையெழுத்துப் போட்டார்கள். பர்மனென்ட் ஆனதற்கான கன்ஃபர்மேஷன் ஆர்டர் அடுத்த மாதம் நாற்பது பேருக்கும் வந்தது. அதையும் அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக்கொண்டார்கள்.